புல எண் 214-க்குள் ஒரு கல்

தை கழிந்து மூன்றாம் நாள்
மூக்கையூருக்கும் ரோச்மா நகருக்கும் நடுவே
உடைமரம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில்
கல் நின்றது.
எட்டடி மூன்றங்குலம். கறுப்பு.
நான்தான் அளந்தேன். சாயல்குடி பிர்கா, நில அளவர்.

எங்கள் பக்கம் இந்தக் கல் கிடையாது.
தோண்டினால் சிப்பி,
இன்னும் தோண்டினால் உப்புத்தண்ணீர்.
லாரிதான் வந்திருக்கவேண்டும்.
தடத்தை வாடைக்காற்று பெருக்கித் தள்ளியிருந்தது.

மேற்கு முகத்தில் எழுத்து.
பின்னால் வருகிறவர்களே என்று ஆரம்பம்.
கிணற்றுக்கு விலை வைக்காதீர்கள்.
கடல் ஓரடி ஏறினால் நாலடி விலகுங்கள்.
வென்றவன் சொல்லும் கதையை இரண்டுமுறை கேளுங்கள்.
இப்படி ஆறு வரி.
ஏழாவது மணலுக்குள்;
எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது,
முங்கிக் குளிக்கிறவர்களைப் போல.

பதிவேட்டில் ஏற்றச் சொன்னார் தாசில்தார்.
வகை: புறம்போக்கு. சரி.
பயன்பாடு:
உரிமையாளர்:
அந்தக் கட்டத்தில் பேனா நின்று
ஒரு மைப்புள்ளி ஊறிப் பரந்தது.

கீழக்கரையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள்.
ஒருவர் எலுமிச்சம்பழம் வைத்தார்.
ஒருவர் சாத்தானின் சட்டம் என்றார்.
யூடியூப் பையன் ஒருவன்
கல்லின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டிக் காத்திருந்தான்.

பாசி எடுத்துவிட்டு ஈரச்சாக்கோடு ஏறிவந்தாள் சவரியாயி.
வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.
"பின்னால வாறவுகளுக்கு இம்புட்டுச் சொல்லியிருக்கே,
முன்னாலயே வந்து தொலைஞ்சவளுக்கு
ஒரு வரி கூடவா இல்ல சார்?"
மறுபடி பார்த்தேன். இல்லை.
அவள் கல்லில் சாய்ந்து
விரல்களில் சுற்றிய துணியை
ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எழுத்தில்லாத பக்கம்தான் முதலில் பேசியது.
கடலுக்குள்ளிருந்து பார்க்கையில்
யாகப்பர் கோயில் கோபுரமும் கல்லும்
ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற நேரம்
அடியில் பார் பிளந்து ஒரு வழி,
வள்ளம் நுழையும் அகலம் மட்டும்.
கிரகோரி கண்டான். கணியம் என்றான்.
மாசி முடிவதற்குள்
கடல் பார்த்த முகம் முழுக்கச் சுண்ணாம்பு.
உபதேசத்துக்கு முதுகு வெளுத்துப்போனது.

பங்குனியில் ஒரு ராத்திரி வெடிச்சத்தம்.
யார் வைத்தது, ஏட்டையாவுக்கும் தெரியவில்லை.
விடிந்து பார்த்தால் துண்டுகள்;
மறுநாள் அதுவும் இல்லை.
யார் வீட்டு வாசற்படியோ இப்போது
வென்றவன் கதையைப் பற்றி எச்சரிக்கிறது.

அந்த வாரமே ஒரு வள்ளம் பாரில் ஏறியது.
ஆள் தப்பியது. பலகை தப்பவில்லை.

கிரகோரி ஆபீசுக்கு வந்து நின்றான், செருப்பில்லாமல்.
"சரியா எந்த இடம் சார்?
ரெண்டு முழம் தள்ளி நட்டாலும் கணியம் பொய்யாயிரும்."
இருபத்தோரு வருஷ வேலையில்
என் ஏட்டை ஒருவன் மூச்சிரைக்கக் கேட்டது அன்றுதான்.
எல்லைக்கல்லிலிருந்து நாற்பத்திரண்டு மீட்டர் அறுபது.
டேப்பின் மறுமுனையைச் சவரியாயி பிடித்தாள்.

பனங்கட்டை நடக் குழி பறித்தோம்.
அடிமுண்டம் தட்டுப்பட்டது.
ஏழாவது வரி குறுக்கே உடைந்திருந்தது.
முன்பு தலைகள், இப்போது கால்கள்;
சேர்த்து வாசிக்க எனக்கு வரவில்லை.
அதற்கும் கீழே, வேறொரு கையால்,
உளியைச் சாய்த்து அவசரமாக:

கூலி பாக்கி 4200.

சவரியாயி மணலில் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.
"இந்தா, இருக்கே எனக்குள்ள வரி."

பயன்பாடு: கரைக்குறி என்று எழுதினேன்.
உரிமையாளர்: மைப்புள்ளி அப்படியே.
குறிப்பு என்ற கட்டத்தில் அந்தத் தொகையை ஏற்றினேன்.
கையெழுத்துப் போடுமுன் தாசில்தார் கேட்டார்,
யாருக்குய்யா பாக்கி?

தெரியலை சார்.
வந்து கேட்டால் தெரியணுமே என்றுதான்.